நான் போடாத கையெழுத்து

பிப்ரவரி 10, செவ்வாய்

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இன்று பெரிய இஸ்திரி மெஷின் நின்றுவிட்டது. படுக்கை விரிப்புகளைக் கையால் மடித்து மடித்துத் தோள் இரண்டும் கழன்று விழும்போல இருக்கிறது. வீட்டுக்கு வந்தால், குழாய் ரிப்பேருக்குப் போன இவர் தொப்பலாக நனைந்து வந்து, அந்த ஈரத்தோடு நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைக்குச் செவ்வாயே ஏற்பாடு! இருப்பது ஒரு அறை, ஒரு அடுப்படி. அதில் பதினோரு பேர் ஜெபத்துக்கு.

"அக்கம்பக்கத்துல ஒரு மாதிரி பாக்கிறாங்க. கொஞ்ச நாள் நிறுத்தி வைங்களேன்" என்றேன்.

"பாக்கட்டும். பாக்கப் பாக்கத்தான் உள்ள வரத் தோணும்" என்று சிரிக்கிறார். இவரிடம் பேசி ஜெயிக்க என்னால் ஆகாது.

வருகிறவர்களில் ரேடியோ அக்கா ஒருவர் போதும், வீடு நிரம்பிவிடும். தையல்காரி. ஊசியில் நூல் கோக்கும்போது மட்டும்தான் அவர் வாய் மூடியிருக்கும். எல்லாரும் போன பிறகும் ஒரு மணி நேரம் என்னோடு பேசிவிட்டுத்தான் எழுவார். கூடப் பிறந்த அக்கா இல்லாத குறை எனக்கு அவரால் தீர்ந்தது.

பிப்ரவரி 15, ஞாயிறு

வந்துவிட்டார்கள். இரண்டாவது பாட்டின் நடுவில். நாலு பேர், அதில் ஒருவர்தான் சீருடையில். கதவை உடைக்கவில்லை. மரியாதையாகத் தட்டினார்கள். மகள்தான் போய்த் திறந்தாள். அதை நினைத்தால்தான் —

எல்லார் பெயரையும் எழுதிக்கொண்டார்கள். "யார் வீடு இது?" என்றதும் இவர் எழுந்து நின்றார். "என் வீடு. கூப்பிட்டது நான். இவங்களை விட்டுடுங்க."

இவர் பதறவே இல்லை. பாட்டுப் புத்தகங்களையும் நாற்காலிகளையும் எடுத்துக்கொண்டு ஒருவர் படிவம் நிரப்பினார். 'மதிப்புள்ள பொருட்கள்' என்ற இடம் வந்ததும் அறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு 'இல்லை' என்று எழுதினார்.

இவரை மட்டும் கூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். செருப்பு மாட்டும்போது இவர் சொன்னது: "அடுப்புல பால் வெச்சிருக்க, பாத்துக்கோ." இவ்வளவுதான் சொல்லிவிட்டுப் போனார்.

பிப்ரவரி 16

இன்னும் வரவில்லை.

பிப்ரவரி 19, வியாழன்

பத்து நிமிஷம் பார்க்க விட்டார்கள். உதடு வீங்கியிருக்கிறது. கேட்டால், "பல்வலி" என்கிறார். பதினாறு வருஷமாகக் கூட வாழ்கிறேன், இவர் பல்வலி எனக்குத் தெரியாதா?

ஒரு காகிதம் இருக்கிறதாம். அதில் மூன்றே வரி. இனிக் கூடமாட்டேன், இனி இயேசுவை ஆண்டவர் என்று சொல்லமாட்டேன், இதுவரை சொன்னது தவறு. அதில் கையெழுத்துப் போட்டால் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம்.

"போட்டுட்டு வாங்களேன்" என்றேன். "காகிதம்தானே? உள்ள என்ன இருக்குன்னு ஆண்டவருக்குத் தெரியாதா?"

"அவருக்குத் தெரியும். எனக்குத்தான் அப்புறம் தெரியாமப் போயிடும்" என்றார்.

கோபம் வந்துவிட்டது. "பொண்ணு ஒருத்தி இருக்கா, ஞாபகம் இருக்கா இல்லியா?" என்று கத்திவிட்டேன். காவலர் வந்து நேரம் முடிந்தது என்றார். கத்தியபடியேதான் வெளியே வந்தேன். இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 22, ஞாயிறு

அண்ணன் வந்தான். அரசாங்க குமாஸ்தா அல்லவா, எங்களால் தன் வேலைக்கு ஆபத்து வருமோ என்று அவனுக்குக் கலக்கம். உட்காரக்கூட இல்லை.

"வீட்டுல நல்லதா ஒரு நாற்காலி கிடையாது. எதைக் காப்பாத்த மாப்பிள்ளை இப்படி முறைச்சுக்கிட்டு நிக்கிறாரு?"

நானும் அதைத்தானே கேட்கிறேன்.

இன்றைக்கு ஜெபத்துக்கு யாரும் வரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் டீக்குத் தண்ணீர் அதிகமாக வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 27

வேலை போய்விட்டது. மேற்பார்வை அம்மா முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "மேல இருந்து சொல்லிட்டாங்கம்மா. என்மேல வருத்தப்படாத." வருத்தப்பட்டு என்ன ஆகப்போகிறது? சலவைக்கூடத்தில் கட்டியிருந்த ஏப்ரனைக் கழற்றி, துவைத்து, காயப்போட்டுவிட்டு வந்தேன். ஏன் துவைத்தேன் என்று தெரியவில்லை.

மார்ச் 5, வியாழன்

ரேடியோ அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஆஸ்பத்திரிக் காவலாளி வந்து சொன்னார். அவரும் எங்களில் ஒருவர்தான், அவருக்கும் வேலை போய்விட்டது. மாவுப் பை ஒன்றில் பாதியை எனக்குக் கொட்டிக் கொடுத்துவிட்டு, மெல்லச் சொன்னார். நான் நம்பவில்லை. சாயங்காலம் கடைத்தெருவில் அக்காவே எதிரில் வந்தார். என்னைக் கண்டதும் எதிர்ச் சாரிக்குப் போய்விட்டார். ஒரு வார்த்தை இல்லை. அந்த வாயிலிருந்து ஒரு வார்த்தை இல்லை.

மார்ச் 11, புதன்

இன்று என்னைக் கூப்பிட்டார்கள்.

அதிகாரி நல்ல மாதிரிதான் பேசினார். தண்ணீர்கூடக் கொடுத்தார். "உங்க வீட்டுக்காரர் பிடிவாதக்காரர்மா. நீங்க புத்தி உள்ளவங்க. நீங்க போட்டாலே போதும். இன்னிக்கு சாயங்காலம் அவர் வீட்டுல இருப்பார்."

அதே காகிதம். எனக்கென்று நாலாவது வரி ஒன்று சேர்த்திருந்தார்கள்: என் கணவர் என்னைக் கட்டாயப்படுத்தினார்.

பேனாவை எடுத்தேன். பொய் எழுதி என்ன பயன், போடத்தான் எடுத்தேன். போட்டுவிட்டு இவரிடம் அப்புறம் திட்டு வாங்கிக்கொள்ளலாம், இவர் வீட்டில் இருந்து திட்டினால் போதும் என்றுதான் நினைத்தேன். அந்த இரண்டாவது வரியில் கண் நின்றுவிட்டது. ஆண்டவரைத் தெரியாது என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

தலைச்சன் பிள்ளை ஏழாம் நாள் போனபோது ஆஸ்பத்திரி நடையில் நான் தரையில் கிடந்தேன். இவர் வெளியூர் வேலையில். பக்கத்தில் ஒரு மனுஷர் இல்லை. அன்றைக்கு என்கூட இருந்தது யார் என்று எனக்குத் தெரியும். வேறு எதுவுமே எனக்குத் தெரியாது, படிப்பு இல்லை, இவரைப்போலப் பேச வராது. அது மட்டும் தெரியும்.

"முடியலைங்க" என்றேன். தைரியம் ஒன்றும் இல்லை. பேனாவைத் திரும்ப வைத்துவிட்டேன். அதிகாரி காகிதத்தை எடுத்து மடித்துக்கொண்டார். "அப்ப உங்க வீட்டுக்காரரை உள்ள வெச்சது நாங்க இல்ல. நீங்க."

மார்ச் 12

தப்பு பண்ணிட்டேனோ. இவர் வந்திருப்பாரே. நேத்து சாயங்காலமே வந்திருப்பாரே. நான்தானே வரவிடல.

இவரைக் கையெழுத்துப் போட்டே ஆகணும்னு கத்தினவ நான். என் முறை வந்தப்போ மட்டும் எனக்கு என்ன வந்துச்சு? ஆண்டவரே, நான் யாருக்கு உண்மையா இருந்தேன், யாரைக் கைவிட்டேன்? சொல்லுங்க. ஒண்ணும் கேக்கலையே.

மார்ச் 15, ஞாயிறு

மகளிடம் சொல்லிவிட்டேன். மறைக்க முடியவில்லை. பதின்மூன்று வயதுக்கு அவள் முகம் அப்படி ஆகக் கூடாது.

"அப்பாவைவிட அது பெரிசா உனக்கு?"

தட்டைக் கழுவினாள், படுத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 2, வியாழன்

இரண்டு வருஷம்.

கோர்ட்டில் ஏழு நிமிஷத்தில் முடித்துவிட்டார்கள். சாட்சி வாக்குமூலம் ஒன்றைப் படித்தார்கள்: 'அவர்தான் எங்களைக் கூட்டினார். வராவிட்டால் தண்டனை உண்டு என்று பயமுறுத்தினார்.' தையல்காரியின் வாக்குமூலம். முன் வரிசையில் அக்காவின் பின்கழுத்து தெரிந்தது. திரும்பவே இல்லை. அந்தக் கழுத்தைப் பார்த்து நான் நினைத்ததையெல்லாம் இங்கே எழுத முடியாது.

ஏப்ரல் 25, சனி

வீட்டுச் சொந்தக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். இப்போது மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை. அந்தக் கட்டடத்தின் படிகளை எல்லாம் நான் கழுவிவிட வேண்டும், அதற்குப் பதில் அறை.

இரண்டு பஸ் மாறிச் சிறைக்குப் போனேன். மகள் வரமாட்டேன் என்றுவிட்டாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் இவர். பாதி ஆளாகிவிட்டார். இருமல். முதலில் கேட்டது: "ரெண்டு பேரும் சாப்பிடறீங்களா?" நன்றாகச் சாப்பிடுகிறோம் என்று பொய் சொன்னேன்.

அப்புறம் இவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நீ கையெழுத்துப் போட்டது தெரியும். அன்னிக்கே சொன்னாங்க, காகிதத்தைக்கூடத் தூக்கிக் காட்டினாங்க. எனக்குக் கோபம் இல்ல. உன்னை அந்த நிலைமைக்குக் கொண்டு வந்ததுக்கு நான்தான் மன்னிப்புக் கேக்கணும்" என்றார்.

"நான் போடலைங்க."

விளங்காமல் பார்த்தார்.

"போடல. போட்டிருந்தா நீங்க வந்திருப்பீங்க. நான் போடல."

இவர் நெற்றியை வலையில் சாய்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரா, இருமுகிறாரா என்று தெரியவில்லை. வலைக்குள்ளே விரல் போகாது. நானும் அந்த இடத்தில் நெற்றியை வைத்தேன். இரும்புதான் பட்டது.

ஜூன் 30

இன்றும் பார்க்க விடவில்லை. சிறை ஆஸ்பத்திரியில் இருக்கிறாராம். வேறு ஒன்றும் சொல்லமாட்டேன் என்கிறார்கள். யாரைக் கேட்பது?

ஆகஸ்ட் 9, ஞாயிறு

மறுபடி கூடுகிறோம், ஆறு வாரமாக. காவலாளி, ரொட்டிக்கடையில் வேலை செய்யும் புருஷன் பெண்டாட்டி, நான். நாலே பேர். இந்த அறையில் நாலு பேருக்கே முழங்கால் இடிக்கிறது. மகள் பாயின் ஓரத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். வெளியே போக வேறு இடம் இல்லை, அதனால்.

பாடிக்கொண்டிருந்தபோது கதவு தட்டும் சத்தம். எல்லாரும் பாட்டை நிறுத்திவிட்டார்கள். நான் போய்த் திறந்தேன்.

ரேடியோ அக்கா. பட்டப்பகலில், எதிர்க்கடைக்காரர்கள் எல்லாம் பார்க்க.

"உள்ள வரலாமா? வேண்டாம்னா இங்கயே நிக்கிறேன்" என்றார். ஐந்து மாதத்தில் பாதியாக இளைத்திருந்தார். "நேத்து அந்த அதிகாரி ஆபீசுக்குப் போய், நான் சொன்னதெல்லாம் பொய்னு எழுதிக் குடுத்துட்டேன். எப்ப வந்து கூட்டிக்கிட்டுப் போவாங்கன்னு தெரியல. அதுவரைக்கும் இங்க உக்காந்துக்கறேன்."

கேட்க வேண்டிய கேள்விகளை ஐந்து மாதமாகச் சேர்த்து வைத்திருந்தேன். ஒன்றுகூட வாயில் வரவில்லை. வா என்றும் வரவில்லை. சிறையில் இருக்கும் இவருடைய இருமல்தான் காதில் கேட்டது. கதவைப் பிடித்தபடி மரம்போல நின்றேன்.

பின்னால் பாய் சரசரத்தது. மகள் சுவரோடு ஒட்டி நகர்ந்து, ஒரு ஆள் இடம் விட்டிருந்தாள்.

"இங்க வாங்க பெரியம்மா."

அக்கா போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு காவலாளி, பாட்டை விட்ட அடியிலிருந்து மெதுவாகத் தொடங்கினார். அக்காவுக்குக் குரல் எழும்பவில்லை. மகள்தான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அவருக்கும் சேர்த்துப் பாடினாள்.