காலைக் காசு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். அம்மாவும் நானும் நலம். நீ நலமா என்று கேட்பது கடிதத்துக்கு முறை. இந்தத் தடவை முறைக்காகக் கேட்கவில்லை. நீ அறைக்குத் திரும்பினால் இதை உன் கையில் கொடுப்பதாக உன் அறைத்தோழன் தாடி சொல்லியிருக்கிறான்.

பள்ளி திறக்கும் நேரம். சீருடை தைத்துக் கை ஒடிகிறது. 'இங்கே டிஜிட்டல் காசு வாங்கப்படும்' என்று நீ ஒட்டிய அட்டை கடை வாசலில் அப்படியே இருக்கிறது. ஒரே ஒருவர் பேன்ட் தைக்க அதில் முன்பணம் தந்தார். தைத்து முடிப்பதற்குள் விலை சரிந்து, ஒரு காலுக்கான கூலிதான் மிஞ்சியது. மளிகைக்காரரிடம் காட்டினேன். "ஏம்மா, இதை வச்சு ஒரு தீப்பெட்டி வாங்க முடியுமா?" என்று சிரித்தார்.

ஊரில் செல்லாத காசு நம் வீட்டில் மட்டும் செல்லுபடியானது. பேச நேரமில்லை, தினமும் எழுந்ததும் அதில் துளிக் காசு அனுப்புகிறேன் என்றாய். "வந்துச்சுன்னா நான் நல்லா இருக்கேன்னு அர்த்தம்க்கா. பேங்க் லீவுன்னாலும் இது வரும்" என்றாய். என் ஃபோன் 'டிங்' என்றதும், "புள்ள எந்திரிச்சிட்டான்" என்று சொல்லிவிட்டுத்தான் அம்மா டீயைத் தொடுவாள்.

போன மாதம் தாடி என்னை அழைத்தான். உன் பேச்சை நம்பி அதில் பணம் போட்ட, உன்னோடு வேலை பார்ப்பவர்கள், விலை விழுந்ததும் உன்னைச் சூழ்ந்துகொண்டு கத்தினார்களாம். ஃபோனை மேசையில் வைத்துவிட்டுப் பையோடு போனவன் திரும்பவே இல்லையாம். போலீசில் சொல்லியும் தகவல் இல்லை. அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று நான் விழித்துக்கொண்டிருந்தபோது, மறுநாள் காலை காசு வந்தது. போன உயிர் திரும்பி வந்தது எனக்கு.

பிறகுதான் உறைத்தது. நீ தூங்குமூஞ்சி. விடுமுறை நாளில் உன் காசு மதியத்துக்கு மேல்தான் வரும்; அதுவரை அம்மா திட்டிக்கொண்டே இருப்பாள். இப்போது எல்லா நாளும் ஒரே நேரத்துக்கு வருகிறது. கொஞ்சம்கூடப் பிசகுவதில்லை.

தாடியிடம் சொன்னேன். உன் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டே இருப்பதைப் பார்த்து, அதுதான் காசு அனுப்புகிறதோ என்று அவன் பிளக்கைப் பிடுங்கிவிட்டான். மறுநாள் காலை ஊசியில் நூல் கோர்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அதே நேரத்துக்கு 'டிங்'. உள்ளேயிருந்து அம்மா, "எந்திரிச்சிட்டான்" என்றாள். ஊசியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன்.

பக்கத்துக் கடை ஃபோன் ரிப்பேர்க்காரரிடம் காட்டினேன். காசு எந்தக் கணக்கிலிருந்து வருகிறது என்று உலகமே பார்க்கலாமாம். அனுப்புவது விரலா, மெஷினா என்று மட்டும் தெரியாதாம். "எங்கேயோ ஒரு மெஷின்ல தானா போற மாதிரி வச்சிருந்தா, ஆள் இருந்தாலும் இல்லாட்டியும் போய்க்கிட்டேதான் இருக்கும். இருப்பு தீர பல வருஷம் ஆகும்" என்றார். நிறுத்தச் சொல்லி யாரிடம் கேட்பது என்றேன். அதற்கு மேனேஜர் கிடையாதாம். அந்தக் கணக்கின் ரகசியச் சாவி வைத்திருப்பவன், அதாவது நீ, நினைத்தால்தான் உண்டாம்.

நேற்று அம்மா என்னை அதட்டினாள். "தம்பிதான் நல்லா இருக்கான்ல, ஏண்டி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" அவள் நிம்மதியாக டீ குடிப்பதைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது.

பணம் போனால் போகட்டும், தம்பி. கத்தியவர்களுக்கு நான் வந்து பதில் சொல்கிறேன். அதுவரை நீ வீட்டுக்கு வராவிட்டாலும் சரி, பேசாவிட்டாலும் சரி. ஒன்றே ஒன்று செய். இந்தக் கடிதம் கிடைத்த மறுநாள் காலை காசு வரவிடாதே. மெஷினுக்கு நிறுத்தத் தெரியாது, உனக்குத் தெரியும். அம்மா பதறுவாள், அழுவாள். அவளை நான் பார்த்துக்கொள்கிறேன். ஃபோன் சத்தம் போடாத ஒரு காலைக்காகத்தான் தினமும் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

எங்கே இருந்தாலும் நூறு வயது இருடா.

உன் அக்கா