நூனோ என்ற பேரன்

பிளாக் 18, நெய்வேலி
9.2.2024

அன்பு மகள் தமிழ்நிலாவுக்கு,

போனில் பேசினால் இரண்டு பேரும் அழுதுவிட்டு வைத்துவிடுகிறோம். அதனால்தான் எழுதுகிறேன். மூட்டுவலியைத் தவிர எனக்குக் குறையில்லை. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். சாமான் கட்டிக்கட்டி அலுத்துவிட்டது. காடாம்புலியூரில் மாமா வீட்டுக்குத்தான் போகிறேன்.

பிள்ளைக்கு நூனோ என்று பேர் வைத்திருக்கிறாய். அது என்ன பேர்? முதல் பிள்ளைக்கு அப்பன் வழித் தாத்தா பேர் என்பது முறைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆஸ்பத்திரியில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு, "பையன் பொறந்தா உங்க பேருதாம்பா" என்று சொன்னது நீ. அதைக் கேட்டுத்தான் மனுஷன் நிம்மதியாகக் கண்ணை மூடினார். எனக்கு மனசு ஆறவில்லை.

அம்மா

போர்த்தோ, போர்ச்சுகல்
1.3.2024

அன்புள்ள அம்மா,

உன் கோபம் நியாயம்தான். நூனோ, உன் மாப்பிள்ளை ரூய்யின் அப்பா பேர். மாமியார் தாத்தாவையும் பேரனையும் நாள் முழுக்க அதே பேரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்.

அர்த்தம் கேட்டேன். மிகப் பழைய பேராம். லத்தீனில் வயதில் மூத்தவரை மரியாதையாக அழைத்த சொல்லிலிருந்து வந்தது என்கிறார்கள், நாம் ஐயா என்பதுபோல. ஒன்பதாவது பிள்ளை என்றும் சிலர் சொல்கிறார்கள். நிச்சயமாக யாருக்கும் தெரியவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அப்பா பேரை நீ ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. அதை வைத்திருந்தால் என் பிள்ளையைச் சாகும்வரை 'தம்பி', 'சாமி' என்றே கூப்பிடுவாய். எனக்கு நீ அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். வாக்குத் தவறியது தப்புதான்.

நிலா

நெய்வேலி
26.3.2024

அன்பு நிலா,

யாருக்கும் அர்த்தம் தெரியாத பேருக்காகவா வாக்கை விட்டாய் என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. பிறகு ஒன்று நடந்தது.

பென்ஷன் ஆபீசுக்குப் போனேன். "வூட்டுக்காரர் பேரு என்னாம்மா?" என்று கேட்டார் கிளார்க். எப்போதும் பக்கத்து வீட்டு விஜயகுமாரிதான் எனக்காகச் சொல்லுவாள். அன்று அவளுக்குக் காலை ஷிப்ட். பேர் எழுதிய தாளைக் காட்டினேன். "அதான் பாத்துக்கினு இருக்கேனே. நீங்க வாயால சொல்லணும்மா" என்றார். பின்னால் பதினைந்து பேர் வரிசையில் நின்றார்கள். கண்ணையன் என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன்.

வெளியே வந்து சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்துவிட்டேன். முப்பத்து நாலு வருஷம் குடித்தனம் பண்ணினோம். என் வாயிலிருந்து அவர் காதில் ஒரு தரம்கூட விழாத பேரை, முகம் தெரியாத மனுஷனிடம் இரண்டு தரம் சொல்லிவிட்டு வந்தேன். வெட்கமாகவும் இல்லை, பாவமாகவும் இல்லை. ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்றுதான் துக்கமாக இருந்தது.

உன்மேல் கோபம் இல்லை. நூனோவே இருக்கட்டும். அப்பா பேரை வைத்திருந்தாலும் நான் பேர் சொல்லியே கூப்பிட்டிருப்பேன். அது உனக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. பிள்ளையைக் கிட்டத்தில் காட்டு, கூப்பிடுகிறேன்.

அம்மா