புறங்கை

குவைத், ஆடி 1998

என் ராசாவுக்கு ரோஸ்லின் எழுதுவது. நான் சுகம். உங்கள் சுகத்தை மாதாவிடம்தான் கேட்கிறேன். இதைத் தம்பி டேவிட்சன் பூதலூர் கல்லறையில் வாசித்துக் காட்டுவான்.

நேற்று இந்த வீட்டு இஸ்திரிப் பெட்டி லேசாக ஷாக் அடித்தது, பயப்படாதீங்க. முதலில் புறங்கையால்தான் தொட்டேன், கை தானாக விலகிவிட்டது. "உள்ளங்கையால தொட்டா விரல் மடங்கிப் பிடிச்சுக்கும் புள்ள, விடாது" என்பீர்களே.

பிடியில் 240 வோல்ட், 5 ஆம்பியர் என்று போட்டிருந்தது. நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி பெருக்கினேன், 1200 வாட்ஸ். வகுத்தேன், 48 ஓம் தடை. டிரைவர் அல்லா பிச்சை அண்ணன், "அஞ்சாங்கிளாஸ்னு சொன்னீங்க, யாரும்மா சொல்லிக்கொடுத்தா?" என்றார். "எங்க வீட்டுக்காரர், மோட்டார் மெக்கானிக்" என்றேன்.

48 ஓம் கம்பிக்கு. ஈரக் கைக்கு எத்தனை இருக்கும் என்று யோசித்துக்கொண்டே சட்டைகளை மடித்தேன்.

உங்கள் டெஸ்டரைத் தம்பி அனுப்பட்டும். தலையணைக்கடியில் வைத்துக்கொள்வேன். மேடம் கூப்பிடுகிறாள், முடிக்கிறேன்.

ஊருக்கெல்லாம் புறங்கை சொன்னீங்களே, போன குறுவை நடவன்று தண்ணீரில் நின்றுகொண்டு மோட்டாரை ஏன் உள்ளங்கையால் தொட்டீங்க?