இருநூறு கிலோமீட்டர் சமவெளி

தாண்டிக்குடி
3 ஜூன் 2024

அன்புள்ள குமாருக்கு,

நலம். நீங்களும் அத்தையும் நலமா?

போனில் பேசினால் நமக்குள் விசாரணை ஆகிவிடுகிறது. அதனால் தபால்.

கார் சத்தம் போடுகிறது. வளைவில் பிரேக்கை மிதித்தால் இரும்பில் இரும்பு உரசுகிறது. இங்கே ஜீப் ஓட்டும் பழனிமுத்து அண்ணன் சக்கரத்தின் இடுக்கில் டார்ச் அடித்துப் பார்த்தார். "பிரேக் பேடு தேஞ்சு போச்சும்மா. டிஸ்க்கும் கோடு கோடா அறுத்துக் கெடக்கு. ரெண்டையும் மாத்திருங்க, வெரசா" என்றார்.

வண்டியை எடுப்பதில்லை. ஆராய்ச்சிப் பண்ணைக்கு நடந்தே போகிறேன். நீங்கள் பேடு மாற்றியதை ஒருமுறை பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். நானே மாற்றலாமா என்று யோசனை. முடியுமா?

காப்பி பூத்து முடிந்துவிட்டது. பூத்திருந்தபோது உங்களுக்கு எழுதத் தோன்றியது. எழுதவில்லை.

ரோகிணி


பாலசமுத்திரம்
8 ஜூன் 2024

அன்புள்ள ரோகிணிக்கு,

தொடாதே. பல்பு மாற்றுகிற சோலி இல்லை இது. ஒரு போல்ட்டைச் சரியாக முறுக்காமல் விட்டால் அது தெரியவருவது வளைவில்தான்.

அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை, பதினாறாம் தேதி, நான் வருகிறேன். காலையில் வந்து, மாற்றிக் கொடுத்துவிட்டு, மாலை பஸ்ஸில் திரும்பிவிடுவேன். உனக்குத் தொந்தரவு இருக்காது. சாப்பாடுகூட வேண்டாம்.

பழனி அடிவாரத்தில் கூட்டம் குறையவில்லை. நம் கடையில் உன் நாற்காலி மேல் அம்மா பஞ்சாமிர்த டப்பாக்களை அடுக்கி வைத்திருக்கிறாள். இடம் இல்லாமலா, வேறு யாரும் உட்காரக் கூடாதென்றா, தெரியவில்லை. நான் கேட்கவில்லை.

குமார்


தாண்டிக்குடி
12 ஜூன் 2024

குமாருக்கு,

பிரேக்குக்காக என்றால் வராதீர்கள்.

நான் இங்கே வேலைக்கு வந்து பதினான்கு மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கும் உங்களுக்கு பஸ் கிடைக்கவில்லை. ஓர் இரும்புத் தட்டுக்காக இப்போது கிடைக்கிறது. சாப்பாடு வேண்டாம் என்று வேறு. வேலை முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு போகிற ஆள்தான் வேண்டுமென்றால் வத்தலக்குண்டில் மெக்கானிக் இருக்கிறார்.

இந்த வேலைக்கு நான் போகக் கூடாது என்று நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. வீட்டில் மற்றவர்கள் சொன்னபோது பேசாமல் இருந்தீர்கள். அவ்வளவுதான்.

முறையை எழுதி அனுப்புங்கள். நானே மாற்றுகிறேன்.

ரோகிணி


பாலசமுத்திரம்
18 ஜூன் 2024

அன்புள்ள ரோகிணிக்கு,

பேடு, டிஸ்க், கிளாம்ப், ஸ்பேனர் எல்லாம் பார்சலில் வருகிறது. பழனிமுத்து அண்ணனைப் பக்கத்தில் நிற்கச் சொல்.

மட்டமான தரையில் நிறுத்து. பின் சக்கரங்களுக்குக் கல் வை. ஜாக்கி ஏற்றும் முன்பே சக்கர நட்டுகளை இளக்கிவிடு. ஜாக்கியை நம்பாதே. கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியில் படுக்க வை.

பேடைப் பிடித்திருக்கும் காலிப்பரைக் கழற்றியதும் கம்பியால் கட்டித் தொங்கவிடு. பிரேக் ஆயில் வரும் ஹோஸில் தொங்கக் கூடாது. அதற்குள் இருக்கும் பிஸ்டனை கிளாம்ப் வைத்து மெதுவாக உள்ளே தள்ளு.

புது டிஸ்க்கைத் துடைத்த பிறகு விரல் படக் கூடாது. உனக்குத் தொட்டுப் பார்க்கத் தோன்றும்.

முன் சக்கரம் இரண்டுக்கும் மாற்று. ஒரு பக்கத்தோடு விடாதே. வண்டியை எடுக்கும் முன் பிரேக் பெடலை இருபது தடவை மிதி. முதல் மிதி அடிவரை போகும். பயப்படாதே.

கடைசியாக ஒன்று. புது பேடும் புது டிஸ்க்கும் ஒன்றோடொன்று படிய வேண்டும். அதற்குச் சமவெளி ரோடு வேண்டும், இருநூறு கிலோமீட்டராவது. மலையில் ஓட்டினால் படியாது. பழனி - தாராபுரம் ரோடு தோதானது. மாற்றியதும் நேராகக் கீழே கொண்டு வந்துவிடு. மறக்காதே.

குமார்


தாண்டிக்குடி
27 ஜூன் 2024

அன்புள்ள குமாருக்கு,

ஞாயிற்றுக்கிழமை மாற்றினேன். வெள்ளனே ஆரம்பித்து மதியம் முடிந்தது. பழனிமுத்து அண்ணன் நின்றார், கை வைக்கவில்லை. முதல் மிதி அடிவரை போனது. பயந்தேன்.

உங்கள் கடைசிப் பத்தியை அவருக்கு வாசித்துக் காட்டினேன். சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை.

"ஏம்மா, படியாத பிரேக்க வச்சுக்கிட்டு மலைய எறங்கச் சொல்றாரா? ஒரேயடியா போய்ச் சேர வேண்டியதுதான். இங்கயே எஸ்டேட் ரோட்டுல ரெண்டு மூணு நாள் நிதானமா மிதிச்சு மிதிச்சு ஓட்டுங்க, படிஞ்சிரும். யாரு எழுதுனது இது?"

தெரிந்தவர் என்றேன். கணவர் என்று சொல்லவில்லை.

படிந்துவிட்டது. சத்தம் இல்லை.

இது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. கடிதம் முழுக்க என் உயிரைக் காப்பாற்ற எழுதிவிட்டு, கடைசிப் பத்தியில் அதே உயிரை மலையிலிருந்து இறக்கப் பார்த்திருக்கிறீர்கள். முதலில் கோபம் வந்தது. பிறகு அந்தப் பத்தியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

நான் கிளம்பிய அன்று கடை வாசலில் நீங்கள் அத்தையிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "ரெண்டு நாள்ல தானா எறங்கி வருவா, விடும்மா."

அந்தச் சொல்தான் என்னை இங்கேயே நிறுத்தியது. பண்ணை வேலையாகப் பழனிக்கு வர வேண்டியிருந்தபோதும் வேறு ஆளை அனுப்பினேன். இறங்குவது வேறு, இறங்கி வருவது வேறு. உங்கள் வீட்டுக்கு வர இரண்டுக்கும் ஒரே ரோடு.

ரோகிணி


பாலசமுத்திரம்
1 ஜூலை 2024

அன்புள்ள ரோகிணிக்கு,

பொய்தான். எழுதும்போது நீ வருகிற வழி என் கண்ணில் படவே இல்லை. வீட்டு முன்னால் கார் வந்து நிற்பது மட்டும் தெரிந்தது. உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் எதைச் செய்யச் சொல்லியிருக்கிறேன் என்று உறைத்தது. கடைக்கு ஆள் வந்து விபூதி கேட்டார். குங்குமத்தை எடுத்துக் கொடுத்தேன்.

அன்று அம்மாவிடம் சொன்னதை நான் நம்பினேன். இரண்டாம் நாள் கடையைத் தாமதமாகத்தான் அடைத்தேன். அந்தச் சொல்லை இனி எடுக்க மாட்டேன்.

நீ இறங்கி வர வேண்டாம். நான் ஏறி வருகிறேன். பதிமூன்றாம் தேதி, சனிக்கிழமை, ஒட்டன்சத்திரத்தில் பஸ் மாறி. வண்டியைப் பார்க்க வரவில்லை. எப்போது திரும்ப வேண்டும் என்பதை அங்கே வந்தபின் நீ சொல்.

பஸ் ஸ்டாப்பில் காத்திருக்காதே. வீட்டை விசாரித்துக்கொண்டு வந்துவிடுவேன். சின்ன ஊர், நீங்கள் யார் என்று யாராவது கேட்பார்கள். என்ன சொல்வது என்று மட்டும் எழுதி அனுப்பு.

குமார்