உவ்வே என்று ஒரு மருந்து

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் அதே கதைதான். குறைப்பிரசவக் குழந்தைகள் வார்டு வாசலில் குழாய் இருக்கிறது, சோப்பு இருக்கிறது, கை கழுவும் முறையைப் படம் போட்டு விளக்கும் பலகையும் இருக்கிறது. வருகிறவர்கள் பலகையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு நேரே உள்ளே போகிறார்கள். ஒரு அப்பா அதன் முன்னால் நின்று தலை வாரினார். பலகைக்குக் கண்ணாடி போட்டிருக்கிறதல்லவா, முகம் தெரிகிறது.

பெரிய டாக்டர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "வார்டுல மறுபடி தொற்று. மாசக் கடைசிக்குள்ள ஜனங்க கை கழுவலேன்னா கதவைப் பூட்டிடுவேன். அம்மாவா இருந்தாலும் கண்ணாடி வழியாத்தான் பாக்கணும்."

இந்த ஆஸ்பத்திரியில் ஆட்களின் பழக்கத்தை மாற்றத்தான் எனக்குச் சம்பளம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மாக்கள் நிற்பதை என்னால் பார்க்க முடியாது.

மார்ச் 6

அறிவுரை வேலைக்கு ஆகாது. கிருமி என்று ஒன்று இருப்பது மனிதனுக்கு நேற்றுத்தான் தெரிந்தது. அழுகினதைக் கண்டால் மூக்கைச் சுளிக்க மட்டும் எந்தக் காலத்திலிருந்தோ தெரியும். சுளிக்காதவன் தின்றான், போய்ச் சேர்ந்தான். சுளித்தவனுடைய பேரப்பிள்ளைகள் நாம். பரிணாம உளவியலில் நான் படித்ததன் சாரம் இவ்வளவுதான். அப்படியிருக்க மூளையோடு எதற்கு மல்லுக்கட்டுகிறேன்? மூக்கோடு பேசினால் என்ன?

தங்கச்சியிடம் போனில் சொன்னேன். "உவ்வேன்னு சொல்ல வைக்கிறதுக்கு ஒரு ஆபீசர்! நல்லா இருக்குடி உன் பொழப்பு," என்றாள்.

மார்ச் 11

அடேயப்பா!

காத்திருக்கும் அறையில் எல்லோர் கையிலும் நீல விளக்கில் மட்டும் ஒளிரும் களிம்பைத் தடவி, வழக்கம்போல் கழுவிக்கொண்டு வரச் சொன்னேன். அறை விளக்கை அணைத்து என் நீல விளக்கைக் காட்டினால், கழுவாமல் விட்ட நக இடுக்கு, விரல் சந்து, மோதிரத்தடி எல்லாம் பளபளவென்று! "மினுங்குறதெல்லாம் மலம்னு நெனச்சுக்குங்க," என்றேன். ஒரே உவ்வே. தலைவாரின அப்பா, யாருடையதோ கை மாதிரி தன் கையைத் தள்ளி நீட்டிக்கொண்டு குழாய்க்கு ஓடினார்.

ஜன்னலோரத் தொட்டிலின் அம்மா மட்டும் சத்தம் போடவில்லை. சின்னப் பெண், முதல் பிரசவம். தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ரொம்ப ஆர்வம் போலிருக்கிறது.

மார்ச் 14

குழாயடியில் வரிசை. பெரிய டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவருக்குப் பல் இருப்பதே இன்றுதான் தெரியும்.

மார்ச் 17

தலைமை நர்ஸை வார்டில் எல்லோரும் சூறாவளி என்போம். இன்று அது என் மேல் அடித்தது. "நீ பண்ணின கூத்தை வந்து பாரு. ஜன்னலோரத்துப் பொண்ணு உள்ளயே வர மாட்டேங்குது. பாலைப் பீய்ச்சிக் குடுத்துட்டு வெளியவே நிக்குது. உடம்புச் சூட்டுக்காகத் தினம் நெஞ்சுல போட்டுக்கிட்டிருந்த புள்ள. இப்ப எடை ஏறவே இல்ல."

போய்ப் பார்த்தேன். கழுவிக் கழுவி விரல்கள் வெடித்திருந்தன. "போகவே மாட்டேங்குது மேடம். இந்தக் கையால எப்படித் தொடுறது?"

நீல விளக்கைக் கொண்டுவந்து காட்டினேன். எதுவும் மினுங்கவில்லை. "அது வெறும் களிம்புதான்மா. நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன்." புரிந்ததுபோல் தலையாட்டினாள். அப்புறம் திரும்பவும் குழாய்க்குப் போனாள்.

டாக்டர் பூட்டாத கதவை இவளுக்கு நான் பூட்டிவிட்டேன். அழுகையா வருது. என்னத்தப் படிச்சுக் கிழிச்சேன் நான்?

மார்ச் 18

விளக்கம் சொன்னால் அருவருப்பு ஏன் அடங்கும்? விளக்கம் கேட்டா அது வந்தது? சரி, வேறு எதற்குத்தான் அது அடங்கும்?

தங்கச்சிக்குப் போன் போட்டேன். "இரு, இவன் பண்ணி வச்சிருக்கான்," என்று தன் குழந்தையைத் துடைத்துக்கொண்டே பேசினாள். எனக்குக் கேட்கத் தோன்றியது. நாறவில்லையா? "மேல் வீட்டுக் குழந்தைன்னா ஐயய்யோ, குமட்டிக்கிட்டு வரும். இவனோடது ஒண்ணுமே தெரியறதில்ல."

பெற்ற பிள்ளைக்கு மட்டும் மூக்கு சலுகை தருகிறது! தராத அம்மாவின் பிள்ளை அந்தக் காலத்தில் பிழைத்திருக்காது. அப்படியென்றால் எந்த மலத்தைப் பேச்சுக்குச் சொல்லி அவளை மிரட்டினேனோ, அதையே அவள் பிள்ளையுடையதாக நிஜமாகக் கையில் கொடுத்தால்?

சூறாவளியிடம் சொன்னேன். "உனக்குக் கிறுக்கா?" என்றார். பிறகு அவரே, "காலையில பாப்போம். நானும் கூட இருக்கேன்."

மார்ச் 19

எப்போதும் நர்ஸ்கள்தான் துணி மாற்றுவார்கள். இன்று சூறாவளி வாசலுக்கு வந்து, "என் ரெண்டு கையிலயும் வேலை. உன் மக அசிங்கம் பண்ணிட்டு அழுவுறா. வந்து மாத்து," என்றார். குழந்தைக்குப் பூனைக்குட்டிக் குரல், அதுவும் விட்டு விட்டு. அவள் வாசலில் தவித்தாள். கை கழுவினாள், நின்றாள், மறுபடி கழுவினாள். உள்ளே வந்துவிட்டாள்.

துணியைப் பிரித்ததும் மணிக்கட்டு வரைக்கும் அப்பிக்கொண்டது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவளோ, "ஏண்டி, இத்துனூண்டு வயித்துக்குள்ள இவ்ளோவா?" என்று சிரிக்கிறாள்! ஒரு சுளிப்பு இல்லை. துடைத்து, வேறு துணி கட்டினாள்.

"அருவருப்பா இல்லையா?" என்றேன்.

"என் புள்ளதானே." பைத்தியமா என்பதுபோல் பார்த்தாள். பிறகுதான் குனிந்து தன் கையைப் பார்த்தாள். போச்சு, ஓடப்போகிறாள்.

ஓடவில்லை. குழாய்க்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினாள். ஒரே ஒரு தடவை. திரும்பி வந்து, "குடுங்க சிஸ்டர், நெஞ்சுல போட்டுக்கறேன்," என்றாள். சூறாவளி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் திருப்பிக்கொள்ளவில்லை, அங்கேயே அழுதேன்.

மார்ச் 21

களிம்பையும் விளக்கையும் அலமாரியில் வைத்தாயிற்று. பலகை இருந்த இடத்தில் இப்போது வார்டுக் குழந்தைகளின் கைகளைப் படமெடுத்து ஒட்டியிருக்கிறோம். ஒவ்வொருவரும் தங்கள் பிள்ளையின் கையைத் தேடிக்கொண்டே கழுவுகிறார்கள். இது எத்தனை நாள் தாங்கும்? பார்க்க வேண்டும்.

மார்ச் 31, திங்கள்

பெரிய டாக்டர் ஆட்களோடு சுற்றி வந்தார். ஜன்னலோரத்தில் அவள், நெஞ்சில் மகள். கன்னம் கொஞ்சம் உப்பியிருக்கிறது. டாக்டர் குனிந்து கையை நீட்டினார்.

"டாக்டர், கை?" என்றாள் அவள்.

"இப்பத்தாம்மா கழுவினேன்."

"அப்புறம் கதவைத் தொட்டுத் திறந்தீங்களே."

அவர் கதவைப் பார்த்தார், கையைப் பார்த்தார், குழாய்ப் பக்கம் நடந்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே அந்தக் குட்டிப் பாதத்தைத் தொடப் போனேன்.

"அக்கா, நீங்களும்."

டாக்டருக்குப் பின்னால் போய் நின்றேன்.