என் வாசலில் யார் போடுவார்கள்?

20.8.1990, திங்கள்

குவைத்திலிருந்து இன்றும் தகவல் இல்லை. சண்டை மூண்டதிலிருந்து ஆத்துக்காரர் குரலே கேட்கவில்லை.

எழுந்திருக்க நேரமாகி, கோலம் போடாமல் விட்டுவிட்டேன். எதிர்வீட்டு ராஜஸ்ரீ ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "மாமி, தந்தி வந்துதா?" கோலமில்லாத வாசலைப் பார்த்துச் சாவு என்றே நினைத்துவிட்டாள். அசடு! அவள் போனதும் கோலமாவை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

23.8

ஓவியக் கல்லூரிப் பெண் ஆதிரா வந்தாள். ஞாயிறன்று கிள்ளிப்பாலத்திலிருந்து எங்கள் தெருக்கோடி வரை ஒரே கோலமாம். ஊரில் யார் வேண்டுமானாலும் வந்து போடலாம். ஆனால் தன் வாசலில் தானே போடக்கூடாது, அடுத்தவர் வாசலில்தான்.

தெருவே குதிக்கிறது. எனக்கோ அன்றைய வெறும் வாசல்தான் நினைப்பு. என் வாசலில் யார் போடுவார்கள்?

24.8

தூக்கமில்லை.

26.8, ஞாயிறு

சாலைக் கடைக்காரர்கள், பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள், பள்ளிப் பிள்ளைகள், யார் யாரோ வந்து போட்டார்கள். ராஜஸ்ரீ வாசலில் ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்து புள்ளி வைத்தார்!

என் வாசல் மட்டும் மொட்டை. தெருக்காரர்கள் மாவுக் கிண்ணத்தோடு வருவார்கள், என்னைப் பார்ப்பார்கள், தாண்டிப் போவார்கள். ராஜஸ்ரீயும்தான். இவாளுக்கு ஏதாவது தெரியுமோ? எங்கிட்ட மறைக்கறாளா? பகவானே —

உச்சிவெயிலில் முன்பின் தெரியாத ஒருத்தி வந்து குனிந்தாள். கோணல்மாணலாக இழுத்தாள்.

"வேண்டாம்மா. என் ஆத்துக்காரர் குவைத்துல இருக்கார். ஒரு சேதியும் இல்லை."

அவள் கை நின்றது. "எனக்க மொவன் ஷிபுவும் அங்கதான்" என்றாள். "நாங்க வேதக்காரங்க, கோலம் போட்டுப் பழக்கமில்ல. இருந்தாலும் முடிச்சிட்டுத்தான் போவேன்."

பெயர் ராஜபாய், கடற்கரை ஊரான விழிஞ்ஞத்துக்காரி. நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அப்புறம்தான் ராஜஸ்ரீ வந்தாள். "என் கை ராசியில்லாம மாமாவுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயந்துட்டேன் மாமி." எல்லோருக்கும் அதே பயமாம்! என் பயம் போகவில்லை. தனியாகப் பயப்படவில்லை, அவ்வளவுதான்.

9.9, ஞாயிறு

சர்ச் முடிந்து ராஜபாய் நேராக இங்கே வந்தாள். ராஜஸ்ரீ காப்பி கொண்டுவந்தாள். இரண்டு பேருக்கும் சேதியில்லை.

17.9

வந்துவிட்டார்! பாதி உடம்பாக, தாடியும் மீசையுமாக. தெருவே திரண்டு நின்றது. ஷிபுவைப் பற்றிக் கேட்டேன். பார்க்கவில்லையாம்.

23.9, ஞாயிறு

ராஜபாய் வரவில்லை. அவர் திரும்பி வந்தது அவள் காதுக்கும் போயிருக்கும். தன் பிள்ளை வராதபோது எப்படி இங்கே வருவாள்?

ராஜஸ்ரீயும் இன்னும் நாலு பேரும் வாசலில் காத்திருக்கிறார்கள். விழிஞ்ஞம் பஸ் பிடிக்க வேண்டும்.

"நான் வந்து ஒரு வாரம் ஆகலை, எங்கே கிளம்பறே?" என்றார்.

"சாதம் வடிச்சு வச்சிருக்கேன், போட்டுண்டு சாப்பிடுங்கோ. நம்ம ஷிபு இன்னும் வரலை."