மொட்டைமாடித் தகரம்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம்.

நீங்களும் அம்மாவும் சௌக்கியமா? முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறேன். சமையல் என்னுடையது என்பதால் ருசியைப் பற்றிச் சொல்வதற்கில்லை.

என் வேலைதான் தெரியுமே. செயற்கைக்கோள் மேலிருந்து ரேடார் அலையை அனுப்பும். தரையில் பட்டுத் திரும்பும் அலைதான் எங்களுக்குப் படம். இருட்டும் மேகமும் அதற்குத் தடையில்லை. தகரம், இரும்பு என்றால் பளிச்சென்று தெரியும். அம்மா 'கண்றாவி' என்று திட்டும் உங்கள் மொட்டைமாடித் தகரக் கொட்டகைதான் நம் தெருவிலேயே பிரகாசமான புள்ளி. நம் வீட்டுக்கு வானத்தில்தான் மரியாதை. படம் வந்ததும் முதலில் அதைத்தான் தேடுவேன்.

மழைக்குப் பிறகு வந்த படத்தில் அந்தப் புள்ளி இல்லை. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மலைச்சரிவும் கொஞ்சம் மாறித் தெரிகிறது.

"கொட்டகையைக் கழட்டிப் போட்டிருப்பாங்கம்மா, போய்ச் சாப்பிடு" என்றார் மேலதிகாரி. தன் சாப்பாட்டை அவர் தொடவில்லை.

உங்கள் இருவர் போனும் கிடைக்கவில்லை. மழை வந்தால் டவர் படுத்துவிடும், தெரிந்ததுதானே. கல்யாணமான நாளிலிருந்து அம்மா உங்களிடம் ஒரு சண்டையிலும் ஜெயித்ததில்லை. இந்தத் தகரச் சண்டையில் மட்டும் ஜெயித்திருக்க வேண்டும்.

பக்கத்து அறை அக்கா நம் ஊர்ப் பக்கம் கிளம்புகிறார். இதை அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். செயற்கைக்கோள் அடுத்த வாரம் திரும்ப வரும். அதற்குள் தகரத்தை மாட்டிவிடுங்கள். முடியாவிட்டால் இரும்புக் கட்டிலையாவது மாடியில் ஏற்றிவையுங்கள். அம்மா திட்டினால், நான் கேட்டேன் என்று சொல்லுங்கள்.

அக்கா பெட்டியைத் தூக்கிவிட்டார். நான் பார்த்துக்கொண்டே இருப்பேன் அப்பா.

உங்கள் மகள்